தறிக்குழியின் மேல் ஒரு தொலைக்காட்சி

எங்கள் வீட்டு முன்கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும் இடத்துக்கு அடியில் ஒரு குழி இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் அப்பா அதில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பவானி ஜமக்காளம் நெய்தார். முழங்கால் வலி என்று சொல்லித் தறியைக் கழற்றிக் கொடுத்த பிறகு, குழியில் மண்ணைக் கொட்டி மூடிவிடலாம் என்றேன். "பலகை போட்டால் போதும், கண்ணு" என்றார். மூன்று பலகைகள், அவற்றின் மேல் ஒரு பழைய மேசை, மேசையின் மேல் தொலைக்காட்சி. அதில்தான் நானும் அப்பாவும் 'காஸில்' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரின் 173 பகுதிகளையும் பார்த்து முடித்தோம்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஈரோட்டில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் எனக்கும் அந்த வேலைக்குத் தேவையான அளவு ஆங்கிலம்தான் தெரியும். திரையின் கீழே ஓடும் எழுத்துகளைப் படித்து, அடுத்த வசனம் வருவதற்குள் அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பாதி வசனங்கள் தப்பிப் போய்விடும். நிறுத்தி, விளக்கி, மறுபடி ஓடவிட்டு, முக்கால் மணி நேரப் பகுதி ஒன்றரை மணி நேரம் ஆகும். 2020 ஊரடங்கில் தொடங்கிய பழக்கம் இது. பஸ் இல்லை, அலுவலகம் இல்லை, ஊரில் தறிச் சத்தமும் இல்லை. கூடத்தில் நாங்கள் இருவரும் ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்துவிடுவோம். சமையலறையிலிருந்து அம்மா, "இன்னும் பிணத்தை எடுக்கவில்லையா?" என்று கேட்பார்.

எனக்கு அது மூன்றாவது முறை. "கொலைகாரன் யாரென்றுதான் தெரிந்துவிட்டதே, திரும்பத் திரும்பப் பார்க்க அதில் என்ன இருக்கிறது?" என்று அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் அக்கா ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அன்றைக்கு அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. நடப்பது நியூயார்க்கில். ரிச்சர்ட் காஸில் துப்பறியும் நாவல்கள் எழுதிப் பணமும் புகழும் சேர்த்தவன். தன் புகழ்பெற்ற கதாநாயகனைக் கதையிலேயே கொன்றுவிட்டு, அடுத்து ஒரு வரியும் எழுத வராமல் இருக்கிறான். அந்த நேரத்தில் அவன் நாவல்களில் வருகிறபடியே யாரோ கொலை செய்யத் தொடங்குகிறார்கள். ரோஜா இதழ்கள் தூவிய உடல், மூடிய கண்களின் மேல் இரண்டு சூரியகாந்திப் பூக்கள். விசாரிக்க வருகிறவள் கேட் பெக்கெட் என்ற துப்பறியும் அதிகாரி. வழக்கு முடிந்த பிறகும் காஸில் வீட்டுக்குப் போவதில்லை. அவளை வைத்து அடுத்த நாவலை எழுத நினைக்கிறான். நகர மேயர் அவனுக்கு நண்பர். மேலிடத்தில் சொல்லி அவள் கூடவே சுற்ற அனுமதி வாங்கிவிடுகிறான். அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இவ்வளவுதான் தொடக்கம். ஆண்ட்ரூ மார்லோ உருவாக்கிய தொடர். 2009 மார்ச்சில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி 2016 மே மாதம் முடிந்தது. நேதன் ஃபிலியன் காஸிலாகவும் ஸ்டானா காடிக் பெக்கெட்டாகவும் எட்டுப் பருவங்கள் நடித்தார்கள்.

அவன் வாய் ஓயாதவன். பிணத்தைப் பார்த்த அடுத்த நிமிடமே உளவுத்துறைச் சதி, வேற்றுக்கிரகவாசி, பேய் என்று கதை கட்டுவான். அவளுக்குக் கைரேகை வேண்டும், தொலைபேசிப் பட்டியல் வேண்டும், யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்பது வெள்ளைப் பலகையில் வரிசையாக வேண்டும். ஆபத்தான இடங்களுக்குப் போகும்போது குண்டு துளைக்காத மேலங்கி அணிவார்கள். மற்றவர்கள் மார்பில் 'போலீஸ்' என்று எழுதியிருக்கும். அவன் மார்பில் 'எழுத்தாளர்' என்று எழுதியிருக்கும். முதல் தடவை அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அப்பா என்னவென்று கேட்டார், சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவன் தொழிலை அவன் போட்டுக்கொண்டிருக்கிறான். சரிதானே" என்றார்.

அந்தச் சொல்லை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். பொருந்தாத இருவரை ஒன்றாக வைக்கும் கதைகளில் பெரும்பாலும் ஒருவர் மற்றவரைத் திருத்திவிடுவார். கலகலப்பானவன் பொறுப்பானவனாவான், கடுகடுப்பானவள் சிரிக்கக் கற்றுக்கொள்வாள், படம் முடிந்துவிடும். எட்டுப் பருவம் ஓடுகிற தொடருக்கு அது கட்டுப்படியாகாது. ஒருவர் மற்றவர்போல் ஆகிவிட்டால் அடுத்த வாரம் பேச என்ன இருக்கும்? அதனால் காஸில் கடைசிவரை கதை கட்டுகிறவனாகவும் பெக்கெட் கடைசிவரை ஆதாரம் கேட்கிறவளாகவும்தான் இருக்கிறார்கள். மாறுவது ஒன்றே ஒன்று. அவன் அபத்தமாக ஏதோ சொல்லும்போது முதல் பருவத்தில் அவள் திரும்பிக்கொள்வாள். நான்காம் பருவத்தில் அவன் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்கிறாள். கேட்டுவிட்டுத்தான் மறுக்கிறாள்.

இன்னொன்றும் எனக்கு மிகப் பிடிக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் குடும்பப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். காஸில், பெக்கெட். போலீஸ் வேலையில் அப்படி அழைப்பது அந்த ஊர் வழக்கம். ஆனால் காதலித்த பிறகும், கல்யாணம் செய்துகொண்ட பிறகும் பெரும்பாலும் அப்படியே அழைக்கிறார்கள். வேறு ஊர்க்காரர்களுக்கு அது விலகலாகத் தெரியலாம். நம் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். கொங்கு நாட்டில் சண்டையையும் 'ங்க' போட்டுத்தான் போடுகிறோம். "ஏனுங்க" என்று ஆரம்பித்து எவ்வளவு கடுமையாகவும் பேசிவிட முடியும். மரியாதை என்பது நெருக்கத்தைக் குறைப்பதற்கு வந்தது என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

அக்காவின் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. கொலையை வைத்துக்கொண்டு என்ன வேடிக்கை? இதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஒரு பிணத்தின் பக்கத்தில் நின்று இருவர் கேலி பேசுவது தப்பான கைகளில் அருவருப்பாகிவிடும். அப்படி ஆன தொடர்களும் உண்டு, ஒன்றிரண்டு பகுதிகளோடு நிறுத்தியிருக்கிறேன். இந்தத் தொடர் பெரும்பாலும் தப்பித்ததற்குக் காரணம் பெக்கெட்டின் அம்மா. 1999 ஜனவரியில் அவர் ஒரு சந்தில் குத்திக் கொல்லப்பட்டார். ஏதோ ரவுடிகளின் வேலை என்று வழக்கை மூடிவிட்டார்கள். மகள் போலீஸ் வேலைக்கு வந்ததே அதனால்தான். அம்மாவின் மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறாள். கையில் அப்பாவின் கடிகாரம். மனைவி போன துக்கத்தில் குடியில் விழுந்தவரை மீட்டெடுத்ததன் அடையாளம் அது. ஒன்று இழந்த உயிருக்கு, ஒன்று காப்பாற்றிய உயிருக்கு. ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் மகன் இறந்துவிட்டான் என்று சொல்லப் போகிறவள் அவள்தான். அந்த இடத்தில் அவள் கேலி பேசுவதில்லை. காஸிலும் பேசுவதில்லை. வாசல்படி தாண்டி வெளியே வந்து, காரில் ஏறி, கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவன் மெதுவாக ஏதாவது சொல்வான். அவளைத் திரும்ப இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வரத்தான் அந்தப் பேச்சு.

எழவு வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்கு இது தெரியும். காடு போய்த் திரும்பி, தலைக்குக் குளித்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்தவுடன் யாராவது ஒரு பெரியவர் இறந்தவரைப் பற்றியே ஒரு பழைய வேடிக்கையைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதை மரியாதைக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை.

மர்மத்தை எப்படி அவிழ்க்கிறார்கள் என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. முதலில் சந்தேகப்படும் ஆள் குற்றவாளி இல்லை என்பது இரண்டு பகுதி பார்த்தாலே தெரிந்துவிடும். பாதியில் வரும் இரண்டாமவனும் பெரும்பாலும் இல்லை. பெக்கெட்டின் குழுவில் இருக்கும் துப்பறியும் அதிகாரிகள் ரயனும் எஸ்பொசிட்டோவும் ஒரு வங்கிக் கணக்கையோ கண்காணிப்புக் காமிராப் படத்தையோ கொண்டுவருவார்கள். அப்போதும் முடிச்சு அவிழாது. காஸில் வீட்டுக்குப் போய்விடுவான். நாடக நடிகையான அம்மா மார்த்தாவும் பதின்ம வயது மகள் அலெக்சிஸும் இருக்கும் வீடு. மகள் தன் பள்ளிக்கூடத் தோழியைப் பற்றியோ, அம்மா ஒரு ஒத்திகையைப் பற்றியோ ஏதோ சொல்வார்கள். வழக்குக்குச் சம்பந்தமே இருக்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் பார்வை நின்றுவிடும். மகள் நெற்றியில் ஒரு முத்தம், கையில் மேல்சட்டை, ஓடிவிடுவான். அங்கே பெக்கெட்டும் அதே நேரத்தில் வெள்ளைப் பலகையின் முன்னால் நின்று வேறு வழியில் அதே இடத்துக்கு வந்திருப்பாள். மிச்சத்தை இருவரும் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்துச் சொல்வார்கள்.

தனியாக இருந்து எல்லாம் கண்டுபிடிக்கும் மேதைகளின் கதைகளை நானும் விரும்பிப் படித்திருக்கிறேன். ஆனால் வாழ்க்கையில் எனக்கு எந்தக் கணக்கும் அப்படித் தனியாக உட்கார்ந்து நேர்ப்பட்டதில்லை. மூன்று நாள் பொருந்தாத ஒரு இருப்புக் கணக்கு, டீக் குடிக்கும்போது பக்கத்து மேசைப் பையன் தன் மாமனார் வீட்டு மாடு விற்ற கதையைச் சொல்லும்போது பிடிபட்டிருக்கிறது. நமக்கு வேண்டியதை, அது நமக்கு வேண்டும் என்பதே தெரியாத இன்னொருவர் கையில் வைத்திருக்கிறார். அவர் பேச வேண்டும், நாம் கேட்க வேண்டும். இந்தத் தொடர் 173 தடவை அதைச் சொல்கிறது, எனக்கு அலுக்கவில்லை.

நம்மிடம் இந்த மாதிரிச் சோடிகளுக்குப் பஞ்சமில்லை. பஸ் நிலையப் புத்தகக் கடையில் தொங்கும் மாத நாவல்களை வாங்கி வளர்ந்தவர்களுக்குக் கோவைக்காரரான ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும் வீட்டு ஆட்கள் மாதிரி. சுஜாதாவின் கணேஷ் அளந்து பேசுவார், வசந்த் அளக்காமல் பேசுவான். அந்த அளவு வித்தியாசமே பாதிக் கதை. அதற்கும் முன்னால் போனால், எங்கள் பக்கத்தில் உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதை இருக்கிறது. பெரியவர் பொன்னர் பொறுமைக்காரர், நியாயம் பார்த்துப் பேசுகிறவர். சின்னவர் சங்கர் முன்கோபி, வாளை உருவிவிட்டுத்தான் யோசிப்பார். பாடுகிறவர்களும் இரண்டு பேர். ஒருவர் கதையை எடுத்துப் போக, மற்றவர் குரல் கொடுத்து, கேள்வி கேட்டு, இழுத்துப் பிடிப்பார். அந்த இரண்டாம் குரல் இல்லாவிட்டால் கதை நகராது என்பதைச் சின்ன வயதில் கோயில் வாசலில் உட்கார்ந்து கேட்டபோதே கவனித்திருக்கிறேன்.

தூர்தர்ஷனில் 1985இல் வந்த 'கரம்சந்த்' தொடரை நான் பின்னாளில்தான் பார்த்தேன். பங்கஜ் கபூர் கேரட்டைக் கடித்துக்கொண்டே துப்பறிவார். உதவியாளர் கிட்டி ஏதாவது கேட்டால், வாயை மூடு என்று அடக்கிவிடுவார். நாடே அந்த வசனத்தை ரசித்தது. எனக்கு ரசிக்க முடியவில்லை. கபூரின் நடிப்பு பிரமாதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் எப்போதும் வாயை மூட வேண்டியிருந்தால் அங்கே சோடி ஏது? தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தால் துணி நெய்ய முடியாது.

இந்த வகைத் தொடர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பழைய பயம் உண்டு. சோடியைச் சேர்த்துவைத்தால் தொடர் செத்துவிடும் என்பது. 1985 முதல் 1989 வரை ஏபிசியில் வந்த 'மூன்லைட்டிங்' தொடரைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். புரூஸ் வில்லிஸும் சிபில் ஷெப்பர்டும் துப்பறியும் நிறுவனம் நடத்துவார்கள், ஓயாமல் சண்டை பிடிப்பார்கள். மூன்றாம் பருவத்தின் கடைசியில் ஒன்று சேர்ந்தார்கள், அதன்பின் தொடர் சரிந்தது. அதனால் இது காதலின் குற்றம் என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த நேரத்தில் ஷெப்பர்ட் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்தார், வில்லிஸ் சினிமாவில் நடிக்கப் போனார், 1988இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேறு. நான்காம் பருவத்தில் பல பகுதிகளில் இருவரும் ஒரே அறையில் இல்லவே இல்லை. சேர்ந்ததால் கெட்டதா, சேர்ந்தவர்களைப் பிரித்துக் காட்டியதால் கெட்டதா என்று யாரும் யோசிக்கவில்லை. 'காஸில்' அந்தப் பயத்தை உடைத்துக் காட்டியது. நான்காம் பருவத்தின் முடிவில், 2012இல், இருவரும் சேர்ந்தார்கள். அதன்பிறகும் நாலு பருவம் ஓடியது. ஐந்தாம் பருவம்தான் தொடரிலேயே ஆகச் சிறந்தது என்பது என் கட்சி.

எட்டாம் பருவத்தில் அவர்களே பழைய தப்பைச் செய்தார்கள். ஏதோ ஒரு சதியிலிருந்து கணவனைக் காப்பாற்றுவதற்காகப் பெக்கெட் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அவள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அந்தப் பகுதிகளைப் பார்க்கும்போது அப்பா தூங்கிவிடுவார். அடுத்த பருவம் வந்தால் காடிக் இல்லாமல்தான் வரும் என்று 2016இல் அறிவித்தார்கள், ரசிகர்கள் கொதித்தார்கள், சில வாரங்களில் தொடரையே நிறுத்திவிட்டார்கள். கடைசிப் பகுதியின் முடிவில், ஏழு வருடம் கழித்து இருவரும் மூன்று குழந்தைகளோடு இருப்பதாக அவசரமாக ஒட்டிய ஒரு காட்சி வரும். எனக்கு அது ஏமாற்றம். அப்பாவிடம் சொன்னேன். "குழந்தைகள் இருக்கிறதல்லவா, விடு" என்றார்.

இனி ஐந்தாம் பருவத்தின் ஒரு பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 22ஆவது பகுதி, 2013இல் வந்தது.

சந்தேக நபரின் வீட்டுக்குள் பெக்கெட் நுழைகிறாள். தரையில் மறைத்து வைத்திருந்த ஒரு தகட்டின் மேல் கால் பட்டுவிடுகிறது. அழுத்தினால் தயாராகி, எடுத்தால் வெடிக்கும் குண்டு. அவள் காலை எடுக்கக் கூடாது, அசைக்கக் கூடாது. மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். காஸிலையும் போகச் சொல்கிறாள். போனவன் திரும்பி வந்துவிடுகிறான். வந்து அவள் முன்னால் நின்றுகொண்டு, யார் யாரை முதலில் காதலித்தது என்று சண்டை பிடிக்க ஆரம்பிக்கிறான். நீதான் முதலில் என்னைப் பார்த்தாய், இல்லை நீதான் என் பின்னால் சுற்றினாய் என்று பழைய கதைகளையெல்லாம் இழுக்கிறான். அவள் கோபப்படுகிறாள், பதில் சொல்கிறாள், சிரிக்கிறாள். நேரம் போய்க்கொண்டிருக்கிறது. கால் அப்படியே இருக்கிறது.

"நிறுத்து, கண்ணு" என்றார் அப்பா.

நிறுத்தினேன். வசனம் புரியவில்லை போலிருக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். கையைக் காட்டினார். திரையில் பெக்கெட்டின் கால் தெரியும் இடத்தில் படம் நின்றிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் தறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அகலமான பவானி ஜமக்காளத்தை ஒருவர் நெய்ய முடியாது. குழியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் இந்தப் பக்கமிருந்து பாவுக்குள் நாடாவை வீச, மற்றவர் அந்தப் பக்கம் பிடித்து, மிதியை மாற்றி, திருப்பி வீச வேண்டும். மிதிப்பதும் பலகையை இழுத்து அடிப்பதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒருவர் கை முந்தினால் கரை கோணிப்போகும். 2005-06இல் புவிசார் குறியீடு வாங்கிய துணி அது. எங்கள் வீட்டுத் தறியில் அப்பா வலது பக்கம். இடது பக்கம் அம்மாவின் அண்ணன், என் மாமா. அப்பாவுக்குப் பேச்சு வராது. மாமாவுக்குப் பேசாமல் இருக்க வராது. காலையில் குழியில் இறங்கினால் சீர் கொண்டுபோன இடத்தில் நடந்த தகராறு, அந்தியூர்ச் சந்தையில் பார்த்த குதிரை, யார் வீட்டு மருமகள் யாரை என்ன கேட்டாள் என்று நாடா போகிற வேகத்துக்குக் கதை போகும். அப்பா "ம்" என்பார். இருவரும் கடைசிவரை 'மச்சான்', 'மாப்பிள்ளை' என்று 'ங்க' போட்டுத்தான் பேசிக்கொண்டார்கள். இவ்வளவு வேறுபட்ட இருவர் எப்படி ஒரு குழியில் வருடக்கணக்காக உட்கார்ந்தார்கள் என்று சின்ன வயதில் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். மாமா 2018இல் மாரடைப்பில் போய்விட்டார்.

"ஒரு ஐப்பசி மாதம்" என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். அவர் தானாக ஒரு கதை சொல்லி நான் கேட்டதில்லை. "நல்ல மழை. மச்சான் யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டார் பந்தியிலிருந்து எழுந்து போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாடா அவர் கைக்குப் போனது. திரும்பி வரவில்லை. என்னவென்று பார்த்தேன். 'மாப்பிள்ளை, ஒரு இழை அறுந்திருக்கிறதுங்க. மிதியை அப்படியே பிடித்துக்கொள்ளுங்க, தேடுகிறேன்' என்றார். மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து பாவை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே கதையை விடாமல் சொன்னார். அந்தப் பந்தியில் என்ன என்ன வைத்தார்கள், யார் யார் சமாதானம் பேச வந்தார்கள் என்று ஒவ்வொன்றாக. எனக்குக் கால் மரத்துப்போய்விட்டது. 'கிடைத்ததுங்களா மச்சான்' என்றேன். 'இதோ, இதோ' என்றார். கால் மணி நேரம் இருக்கும். அப்புறம் கதையை நிறுத்திவிட்டு, 'சரிங்க, மேலே ஏறிவிடுங்க' என்றார். அறுந்த இழை எது என்று கேட்டேன். 'இழை ஒன்றும் அறுந்துபோகவில்லை, மாப்பிள்ளை. உங்கள் மிதிக்குப் பக்கத்தில் விரியன் சுருண்டு கிடந்தது. இப்போதுதான் வளைக்குள் போனது' என்றார்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்குத் தெரிந்திருந்தால் காலை இழுத்திருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவர் காலும் அதே குழியில்தானே இருந்தது, கண்ணு" என்றார்.

மாமாவுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் காலை எடுக்காமல், குரலில் ஒரு மாற்றமும் காட்டாமல், சாம்பாரில் உப்பு கம்மியாக இருந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். என் மாமாவை நான் நல்ல வாயாடி என்று மட்டும்தான் நினைத்துவைத்திருந்தேன். அவர் பேச்சை எவ்வளவு தடவை பாதியில் விட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மாமா போன பிறகு வேறு ஒருவரைச் சோடி சேர்த்துத் தருவதாக ஊரில் சொன்னார்கள். இளவட்டம், நல்ல கை. அப்பா முழங்காலைக் காட்டித்தான் மறுத்தார், தறியையும் கொடுத்தார். இந்தக் கதையைச் சொன்ன அன்றைக்கு நான் கேட்டேன். "முழங்கால் ரொம்ப வலித்ததுங்களாப்பா?"

"அது பத்து வருடமாகவே வலிக்கிறது" என்றார்.

பலகைக்கு அடியில் குழி இருக்கும் பக்கம் பார்த்தேன். அதன் மேல் திரையில் அந்தப் பெண்ணின் கால் நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. அப்பா ஜமக்காளத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். எப்போதும்போல வலது ஓரத்தில்.

"மிச்சத்தைப் போடு. அவன் என்னதான் சொல்கிறான், விடாமல் சொல்" என்றார்.

நான் இடது பக்கம் உட்கார்ந்து ஓடவிட்டேன்.